எலும்பு முந்துமா, கிருமி முந்துமா? டைட்டானியத்துக்கு மருந்துப் பூச்சு வந்த கதை

இன்றைய எபிசோடில் ஒரு பூச்சைப் பற்றிப் பேசப் போகிறோம். உடைந்த எலும்புக்குள் வைக்கிற டைட்டானியம் கம்பியின் மேல், தலைமுடியை விட மெல்லிசாகப் பூசுகிற ஒரு மருந்துப் பூச்சு.

நம்ம ஊர்ல "கால்ல ராடு வச்சிருக்கு", "பிளேட் போட்டிருக்கு" என்று சொல்கிற ஒருவராவது எல்லாருடைய சொந்தத்திலும் இருப்பார். பெரும்பாலும் பைக் விபத்து. வயதானவர்கள் என்றால் இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன். நிறைய பேருக்கு ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சில பேருக்குக் கதை அங்கே முடிவதில்லை. தையல் போட்ட இடம் சிவக்கும், நீர் கசியும், அப்புறம் சீழ். "உள்ள இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு, கம்பியை எடுக்கணும்" என்பார்கள். மறுபடி ஆபரேஷன், மறுபடி படுக்கை, வேலைக்குப் போக முடியாத மாதங்கள். மோசமான நிலையில் காலையே எடுக்க வேண்டி வரும்.

உடம்புக்குள் வைக்கிற ஒரு பொருளைக் கிருமி ஏன் இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது? அதைத் தடுக்க மருத்துவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள்? வழி கிடைத்த பிறகும் அது ஏன் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை? இந்த மூன்று கேள்விக்கும் வரலாற்றில் பதில் இருக்கு. வாங்க, போகலாம்.

ஒரு பட்டு நூல்

லண்டனில் எலெக் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் இருந்தார். அவரும் கோனன் என்ற சக ஆய்வாளரும் 1957-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைக்கு அதைச் செய்ய எந்த அறநெறிக் குழுவும் சுலபத்தில் அனுமதி கொடுக்காது. ஏன் என்றால், தாமாக முன்வந்த மனிதர்களின் தோலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை ஊசி போட்டுப் பார்த்தார்கள். எத்தனை கிருமி போனால் சீழ் பிடிக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம்.

ஆரோக்கியமான தோலில் சீழ் பிடிக்க வைப்பது சுலபமாக இல்லை. பத்து லட்சக் கணக்கில் கிருமிகளைப் போட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே போனால் உடம்பே சமாளித்துவிட்டது. அடுத்து, தையல் போடுகிற பட்டு நூல் ஒன்றைத் தோலுக்குள் வைத்து, அதோடு கிருமியைச் சேர்த்தார்கள். இப்போது சில நூறு கிருமியே போதுமானதாக இருந்தது.

நூல் விஷம் கிடையாது. அதில் எந்த அழுக்கும் இல்லை. அது வெறுமனே அங்கே இருந்தது, அவ்வளவுதான். ஆனால் உடம்பின் காவல் பல ஆயிரம் மடங்கு பலவீனமாகிவிட்டது. ஒரு சின்ன நூலுக்கே இந்தக் கதி என்றால், முழங்காலில் இருந்து கணுக்கால் வரை நீளுகிற ஒரு உலோகக் கம்பிக்கு என்ன கதி? இதை மனசில் வச்சுக்கோங்க. இனி வரப்போகிற எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான்.

எலும்பு ஏற்றுக்கொண்ட உலோகம்

டைட்டானியத்தின் கதை ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது. 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், ஒரு ஓடையின் கருமணலை ஆராய்ந்து, அதில் இதுவரை தெரியாத ஒரு உலோகம் இருக்கிறது என்று சொன்னார். சில வருடம் கழித்து ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். அந்தக் கருமணலில் இருந்த தாது இல்மனைட். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் அள்ளுகிற கருமணலிலும் அதே இல்மனைட்தான் இருக்கு.

தாது கிடைத்தாலும் உலோகத்தைத் தனியாகப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் கண்டுபிடித்த முறைக்கு 1940-ல் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகுதான் டைட்டானியம் தொழிற்சாலை அளவில் கிடைக்க ஆரம்பித்தது. முதலில் அது விமானங்களுக்குப் போனது. 1951-ல் லெவன்தால் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், டைட்டானியம் அறுவை சிகிச்சைக்கு ஏற்ற உலோகம் என்று ஒரு கட்டுரை எழுதினார். உடம்பின் உப்பு நீரில் அது துருப்பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடனே அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காப்பாற்றுகிறது.

ஆனால் பெரிய திருப்பம் ஸ்வீடனில் நடந்தது. பெர்-இங்வார் பிரோனிமார்க் 1950-களில் முயலின் கால் எலும்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டை எலும்புக்குள் வைத்தார். ஆய்வு முடிந்து கூண்டை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. வேறொருவர் இதைத் தொல்லையாக நினைத்திருக்கலாம். பிரோனிமார்க் அதையே பிடித்துக்கொண்டார். 1965-ல் தாடை பாதிக்கப்பட்ட ஒருவருக்கு டைட்டானியம் திருகுகளை வைத்துப் பற்களைப் பொருத்தினார். நாற்பது வருடத்துக்கு மேல், அந்த மனிதர் இறக்கும் வரை, அவை அவரோடு இருந்தன.

எலும்பு டைட்டானியத்தை ஏற்றுக்கொள்கிறது. எலும்பு செல்கள் ஒட்டுவதற்கு அது நல்ல இடம். சிக்கல் என்னவென்றால், கிருமி ஒட்டுவதற்கும் அது நல்ல இடம். வீட்டுக் கதவை விருந்தாளிக்காகத் திறந்து வைத்தால் திருடனும் வரலாம் இல்லையா? அதுதான் இங்கேயும்.

காற்றை வடிகட்டிய மருத்துவர்

இதே காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயரில், ரைட்டிங்டன் மருத்துவமனையில், ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை உருவாக்கிக்கொண்டிருந்தார். இன்று உலகம் முழுக்கச் செய்கிற இடுப்பு மாற்று ஆபரேஷனின் அடிப்படை, 1962-ல் அவர் பயன்படுத்தத் தொடங்கிய பாலிஎத்திலீன் கிண்ணம்தான். செயற்கை மூட்டை எலும்பில் நிறுத்த, பல் மருத்துவத்தில் புழங்கிய அக்ரிலிக் சிமென்ட்டைப் பயன்படுத்தினார்.

மூட்டு நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆரம்ப வருடங்களில் நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு உள்ளே சீழ் பிடித்தது. நடக்க முடியாமல் வந்தவரை நடக்க வைக்கிற ஆபரேஷன், சிலரை முன்பை விட மோசமான நிலைக்குத் தள்ளியது. கிருமி எங்கிருந்து வருகிறது? ஆபரேஷன் அறையின் காற்றில் இருந்தும், அங்கே நிற்கிற ஆட்களின் தோலில் இருந்தும்தான் என்று சார்ன்லி முடிவு செய்தார். ஹோவர்த் என்ற காற்றுவடிகட்டிப் பொறியாளரோடு சேர்ந்து, ஆபரேஷன் மேசையைச் சுற்றி ஒரு தனி அறையே கட்டினார். மேலிருந்து கீழாக வடிகட்டிய காற்று ஓடும். மருத்துவர்கள் விண்வெளி வீரர் மாதிரி முழு உடையும் தலைக்கவசமும் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் விடுகிற மூச்சுக் காற்றைக் குழாய் வழியாக வெளியே உறிஞ்சிவிடுவார்கள்.

தொற்று ஒரு சதவீதத்துக்கு அருகில் இறங்கியது. சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். பல வருடங்கள் கழித்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 1982-ல் வெளியானது. சாதாரணக் காற்றில் 1.5 சதவீதமாக இருந்த ஆழமான தொற்று, சுத்திகரித்த காற்றில் 0.6 சதவீதமாக இருந்தது.

ஆனால் இது எல்லாமே திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு. ரோட்டில் விழுந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த ஒருவருக்கு என்ன செய்வது? மண்ணும் தாரும் காயத்துக்குள் போன பிறகு, ஆபரேஷன் தியேட்டரின் காற்று எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்?

ஹாம்பர்க்கில் ஒரு எளிய யோசனை

ஹாம்பர்க் நகரத்தில் ஹான்ஸ்-வில்ஹெல்ம் புக்ஹோல்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் வேறு திசையில் யோசித்தார். எலும்புச் சிமென்ட் இறுகிய பிறகும் அதில் மிச்சம் இருக்கிற வேதிப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது என்பது தெரிந்த விஷயம். அப்படியென்றால் அந்தச் சிமென்ட்டில் ஆன்டிபயாடிக் கலந்தால் அதுவும் கசியும்தானே?

யோசனை எளிது. ஆனால் எந்த மருந்து? சிமென்ட் இறுகும்போது நன்றாகச் சூடாகும். அந்தச் சூட்டில் கெட்டுப்போகாத மருந்தாக இருக்க வேண்டும். தண்ணீரில் கரைய வேண்டும், பலவகைக் கிருமிகளைக் கொல்ல வேண்டும். 1963-ல் உலகுக்கு அறிமுகமான ஜென்டாமைசின் இந்த எல்லா நிபந்தனைக்கும் பொருந்தி வந்தது. புக்ஹோல்ட்ஸும் எங்கெல்பிரெஷ்டும் 1970-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள்.

இதில் இன்னொரு நன்மை இருக்கு. ஜென்டாமைசினை ஊசியாக அதிகம் போட முடியாது. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். அதோடு, உடைந்த எலும்பைச் சுற்றி ரத்த ஓட்டமே கிழிந்து போயிருக்கும். ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்து எப்படிப் போகும்? மருந்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டால், ரத்தத்தில் ஒருபோதும் எட்ட முடியாத அளவு வீரியம் அந்த ஒரு இடத்தில் மட்டும் கிடைக்கும். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பெரிதாகப் பாதிப்பு இருக்காது.

1981-ல் புக்ஹோல்ட்ஸ் குழு, ஏற்கனவே சீழ் பிடித்த 583 இடுப்பு மூட்டுகளை மாற்றியதைப் பற்றி எழுதியது. அழுகிய திசுவையும் பழைய மூட்டையும் எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் மருந்து கலந்த சிமென்ட்டோடு புது மூட்டு. முதல் முயற்சியிலேயே 77 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. நார்வேயில் 10,905 இடுப்பு மாற்றுகளின் பதிவுகளை வைத்து 1997-ல் வந்த ஆய்வும், ஊசி மருந்து, சிமென்ட் மருந்து இரண்டும் சேர்ந்தவர்களுக்குத்தான் நல்ல பலன் என்று காட்டியது.

பிராங்க்ஃபர்ட்டில் கிளெம் என்ற மருத்துவர் இதே சிமென்ட்டைச் சின்னச் சின்ன மணிகளாக உருட்டினார். ஒவ்வொன்றும் 7 மில்லிமீட்டர் விட்டம். கம்பியில் கோர்த்து, ஜெபமாலை மாதிரி எலும்புக்குள் வைத்துவிடுவார்கள். மருந்து வேலை முடிந்ததும் மாலையை உருவி எடுக்க வேண்டும். அந்தக் கடைசிப் பகுதிதான் குறை. சிமென்ட் கரையாது. மருந்து தீர்ந்த பிறகு அதுவே உடம்புக்குள் இருக்கிற இன்னொரு அந்நியப் பொருள். அந்தப் பட்டு நூலை நினைத்துப் பாருங்க.

வழவழப்பான கோட்டை

சரி, ஊசி மருந்து கொடுத்தாலே கிருமி சாக வேண்டும் இல்லையா? பரிசோதனைக் கூடத்தில் சாகிற அதே கிருமி, இம்ப்ளான்ட்டின் மேல் ஏன் சாவதில்லை?

இதற்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் கனடாவின் கால்கரியில் இருந்த பில் காஸ்டர்டன். 1978-ல் அவரும் சகாக்களும், பாக்டீரியாக்கள் இயற்கையில் பெரும்பாலும் தனித்தனியாக மிதப்பதில்லை, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன என்று எழுதினார்கள். ஆற்றுப் பாறையில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அந்தப் பாசிப் படலம் மாதிரி. பயோஃபிலிம் என்று அதற்குப் பெயர். கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவை பாதி உறக்கத்தில் இருப்பதால், வளர்கிற கிருமியைத் தாக்குகிற மருந்துகள் அவற்றை அதிகம் தொடுவதில்லை.

1982-ல் காஸ்டர்டன் குழு ஒரு இதய நோயாளியின் பேஸ்மேக்கர் வயரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. அந்த நோயாளிக்கு ஆன்டிபயாடிக் தொடர்ந்து கொடுத்தும் தொற்று விடவில்லை. காரணம் வயரின் மேல் கண்ணுக்குத் தெரிந்தது: அடுக்கடுக்காக, பசைக்குள் புதைந்த கிருமிக் கூட்டம்.

1987-ல் அந்தோனி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இதை ஒரு ஓட்டப்பந்தயமாகச் சித்திரித்தார். இம்ப்ளான்ட் உடம்புக்குள் போனதும் அதன் மேற்பரப்புக்காக இரண்டு பேர் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் நம்முடைய செல்கள், இன்னொரு பக்கம் கிருமி. நம்ம செல்கள் முதலில் போய் இடத்தைப் பிடித்துவிட்டால் கிருமிக்கு ஒட்ட இடமில்லை. கிருமி முந்தினால் பயோஃபிலிம் கட்டிவிடும், பிறகு நம்ம செல்கள் உள்ளே நுழைய முடியாது.

இந்த ஒரு படிமம் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. பந்தயம் நடப்பது முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலும். அப்படியென்றால் மாதக் கணக்கில் மருந்து கசிய வேண்டியதில்லை. பந்தயம் நடக்கிற அந்த நேரத்தில், பந்தயம் நடக்கிற அந்தப் பரப்பிலேயே மருந்து இருந்தால் போதும்.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் இல்லாமல், எலும்பே நேரடியாக டைட்டானியத்தோடு ஒட்டி வளர்கிற மாதிரியான மூட்டுகள் பரவ ஆரம்பித்தன. பிரோனிமார்க் கண்டதன் பலன்தான். ஆனால் சிமென்ட் போனதும் மருந்தைச் சுமந்து போகிற வண்டியும் போய்விட்டது. எலும்புக்குள் அடிக்கிற ராடுக்கோ முதலில் இருந்தே சிமென்ட் கிடையாது. மருந்தை இனி எதில் ஏற்றுவது? மிஞ்சியது டைட்டானியத்தின் மேற்பரப்பு மட்டும்தான்.

பெர்லினில் பத்து மைக்ரான்

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் கை வைத்துப் பாருங்க. தோலுக்கு அடியில் உடனே எலும்பு. சதையே இல்லை. அதனால்தான் விபத்தில் அந்த எலும்பு உடைந்தால் சுலபமாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. திறந்த எலும்பு முறிவுகளில் அதிகம் தொல்லை கொடுப்பதும் இதுதான். கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1976-ல், 1,025 திறந்த முறிவுகளை வைத்து, காயத்தின் தீவிரத்தைப் பொறுத்து வகைப்படுத்தினார்கள். காயம் எவ்வளவு பெரிதோ தொற்றும் அவ்வளவு அதிகம். இன்றைக்கும் எலும்பு முறிவு வார்டுகளில் அந்த வகைப்பாடுதான் ஓடுது.

பெர்லினில் கெர்ஹார்ட் ஷ்மிட்மயரும் சக மருத்துவர்களும் 1990-களின் கடைசியில் இருந்து, டைட்டானியத்தின் மேல் பாலிலாக்டைடு என்ற பிளாஸ்டிக்கைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு மெதுவாகக் கரைத்துவிடுகிற பிளாஸ்டிக் இது. கரையும் தையல் நூல் செய்கிற பொருட்களின் குடும்பம். பூச்சின் கனம் சுமார் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முதலில் அவர்கள் அதில் கலந்தது எலும்பை வேகமாக வளர வைக்கிற புரதங்களை. மருந்தைச் சுமக்கிற வண்டி தயாரானதும், அதே வண்டியில் ஜென்டாமைசினை ஏற்றினார்கள்.

செய்முறை ஆச்சரியப்படுகிற அளவுக்கு எளிது. பாலிலாக்டைடை ஒரு கரைப்பானில் கரைத்து, மருந்தைக் கலந்து, கம்பியை அதில் முக்கி எடுத்து, காய விடுவது. சூடு தேவையில்லை. அதனால் மருந்து கெடுவதில்லை. ஆனால் ராடை எலும்புக்குள் சுத்தியலால் அடித்து இறக்கும்போது பூச்சு உரிந்துவிட்டால்? அதையும் சோதித்தார்கள். பெரும்பகுதி தாங்கியது.

எலிகளின் எலும்பில் கிருமியை வைத்து, பூச்சுள்ள கம்பியையும் இல்லாத கம்பியையும் ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வந்தது. பூச்சு இருந்தவற்றில் தொற்று தெளிவாகக் குறைவு. 2005-ல் ஜென்டாமைசின் பூசிய டைட்டானியம் ராடு ஐரோப்பாவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வெளியே வந்துவிடுகிற மாதிரி அமைத்திருந்தார்கள். கிரிஸ்டினா சொன்ன பந்தயத்துக்கு ஏற்ற மருந்து.

மனிதர்களில் முதல் முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. சுமார் 20 பேர், பெரும்பாலும் சிக்கலான முறிவுகள். யாருக்கும் ஆழமான தொற்று வரவில்லை. நல்ல செய்திதான். ஆனால் 20 பேரை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? பூச்சு இல்லாத ராடு வைத்த இன்னொரு குழு ஒப்பிடுவதற்கு இல்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கோங்க, திரும்பி வருவோம்.

வெள்ளியும் அயோடினும்

ஜென்டாமைசின் ஒன்றுதான் வழி என்றில்லை. ஜெர்மனியின் மியூன்ஸ்டரில், எலும்புப் புற்றுநோயாளிகளுக்குப் பெரிய எலும்புத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோக எலும்பு வைப்பார்கள். கீமோதெரபியால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நீண்ட ஆபரேஷன், பெரிய உலோகம். தொற்று வர எல்லாக் காரணமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இது. அங்கே உலோகத்தின் மேல் வெள்ளி பூசினார்கள். 2010-ல் வந்த ஒப்பீட்டில், சாதாரண டைட்டானியம் வைத்தவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு வந்த தொற்று, வெள்ளி பூசியவர்களில் 5.9 சதவீதமாக இருந்தது. ஒரு பக்கவிளைவு உண்டு: சிலருக்கு அந்த இடத்தில் தோல் நீலம் பாய்ந்தது. வெள்ளி எலும்பு செல்லையும் பாதிக்கக்கூடும் என்பதால், எலும்போடு ஒட்டி வளர வேண்டிய பகுதியில் பூசாமல் விட்டார்கள்.

ஜப்பானின் கனசாவாவில் ஹிரோயுகி சுச்சியா அயோடினைத் தேர்ந்தெடுத்தார். காயத்தில் தடவுகிற, ஆபரேஷனுக்கு முன் தோலில் பூசுகிற அதே போவிடோன்-அயோடின். டைட்டானியத்தை அந்தக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், மேலே நுண்துளைகள் நிறைந்த ஒரு ஆக்சைடு அடுக்கு உருவாகி, அதில் அயோடின் பிடித்துக்கொள்ளும். 2012-ல் 222 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அயோடினுக்குக் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வது மிகவும் அரிது என்பது இதன் பலம்.

எதிர்ப்புச் சக்தி என்பது சும்மா ஒரு பயம் இல்லை. 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே அலெக்சாண்டர் பிளெமிங், பென்சிலினைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். சிமென்ட்டிலும் மணியிலும் அதுதான் பிரச்சினை. முதல் நாட்களில் மருந்து வேகமாக வரும். பிறகு கிருமியைக் கொல்லவும் போதாத, அதே சமயம் முழுக்க நிற்கவும் செய்யாத ஒரு மெல்லிய கசிவு நெடுங்காலம் தொடரும். ஜென்டாமைசின் மணி வைத்த நோயாளிகளிடம், மெதுவாக வளர்ந்து மருந்துக்குத் தப்பிக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைகளை 1997-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் நல்ல பூச்சு என்றால் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்: வேகமாகக் கொடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் சுத்தமாக நின்றுவிட வேண்டும்.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் கிடைக்கவில்லை?

இப்போது அந்த 20 பேர் கேள்விக்கு வருவோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதவீதத் தொற்றை அரை சதவீதமாகக் குறைக்கிறது ஒரு பூச்சு என்று வைத்துக்கொள்வோம். அது தற்செயல் இல்லை என்று நிரூபிக்க, வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொரு பிரிவிலும் கிட்டத்தட்ட 4,700 பேர் வேண்டும். இரண்டு பிரிவும் சேர்ந்தால் 9,000-த்துக்கு மேல். ஒவ்வொருவரையும் ஒரு வருடமாவது பின்தொடர வேண்டும். அதற்கு ஆகிற செலவை எந்த நிறுவனம் சுலபமாகப் போடும்?

செய்தே காட்டிய ஒரு உதாரணம் எலும்புக்கு வெளியே இருந்து வந்தது. பேஸ்மேக்கரின் உறையும் டைட்டானியம்தான். அதை மினோசைக்ளின், ரிஃபாம்பின் என்ற இரண்டு மருந்து தோய்த்த, கரையும் வலைப்பையில் போட்டு வைத்தால் தொற்று குறைகிறதா என்று சுமார் 7,000 பேரிடம் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: பை இல்லாதவர்களில் 1.2 சதவீதம், பை வைத்தவர்களில் 0.7 சதவீதம். நூறில் அரைப் பேர் வித்தியாசம். அதைக் காட்டவே 7,000 பேர் தேவைப்பட்டார்கள்.

இதோடு சட்டச் சிக்கலும் சேரும். வெறும் ராடு ஒரு கருவி. அதில் மருந்து பூசினால் அது மருந்தும்தான். இரண்டுக்கும் உள்ள சோதனைகளில் தேற வேண்டும். சிமென்ட்டையே எடுத்துக்கோங்க: ஐரோப்பாவில் 1970-களில் இருந்தே புழங்கிய மருந்து கலந்த சிமென்ட், ஆலையிலேயே கலந்து வருகிற பொருளாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003-ல்தான்.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. தொற்று 20 சதவீதம் வரை வருகிற மோசமான காயங்களில், ஒரு பூச்சு அதை 10 சதவீதமாக்கினால், அதை நிரூபிக்க ஒரு பிரிவுக்கு 200 பேர் போதும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே நிரூபிப்பதும் சுலபம், பலனும் அதிகம், விலை கொடுப்பதற்கும் அர்த்தம் இருக்கு. திட்டமிட்டுச் செய்கிற மூட்டு மாற்றை விட, ரோட்டில் விழுந்து எலும்பு வெளியே வந்தவருக்குத்தான் இந்தப் பூச்சு அதிகம் தேவை. புற்றுநோயாளிகளுக்கு வெள்ளி முதலில் போனதும் இதே காரணத்தால்தான். அப்படிப்பட்ட முறிவுகள் அதிகம் நடப்பது இருசக்கர வாகனங்கள் நிறைந்த நம்ம மாதிரி நாடுகளில். பூச்சுகள் பிறந்ததோ ஜெர்மனியிலும் ஜப்பானிலும். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் இருக்கிற இடத்தில் ஆய்வு நடக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையில் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரை ஓரம் கட்டவே இல்லை. சார்ன்லியின் சுத்தமான காற்று இன்றும் வேண்டும். திறந்த காயத்தைச் சீக்கிரம் கழுவி, செத்த திசுவை வெட்டி எடுப்பது இன்றும் வேண்டும். நேரத்துக்குப் போடுகிற ஊசி மருந்தும் வேண்டும். பூச்சு என்பது இவை எல்லாம் செய்த பிறகு மிஞ்சுகிற சில நூறு கிருமிக்காக. பட்டு நூல் ஆய்வு காட்டியது போல, அந்தச் சில நூறே போதும் ஒரு காலைக் கெடுக்க.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ராடோ பிளேட்டோ இருந்து, ஆறின இடத்தில் மறுபடி சிவப்போ வலியோ கசிவோ வந்தால், "தானா சரியாயிடும்" என்று மஞ்சள் தடவிக்கொண்டு காத்திருக்காதீங்க. பயோஃபிலிம் கட்டுவதற்கு அதிக நாள் ஆகாது. ஆபரேஷன் செய்த மருத்துவரை உடனே போய்ப் பாருங்க.